சாதி உண்டு, சான்றிதழ் இல்லை: தருமபுரி முகாம்களில் வளரும் பதின்பருவத்தினர்

தருமபுரி மாவட்டத்தில் நாகாவதி, தொப்பையாறு உள்ளிட்ட அணைகளை ஒட்டிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் அமைந்துள்ளன. 2021 ஆகஸ்டு வரை அவற்றுக்கு 'அகதிகள் முகாம்' என்பது அரசுப் பெயராக இருந்தது. அதன்பின் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று தமிழ்நாடு அரசு பெயர் மாற்றியது. பெயர் மாறியதை வரவேற்கிறோம். ஆயினும் அம்முகாம்களில் இன்று பதினைந்து, பதினாறு வயதில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சட்டத்தின் பார்வையில் எதுவும் மாறவில்லை. அவர்கள் இன்னும் அயல்நாட்டினரே.

இப்பிள்ளைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஈழப்போர், குடியுரிமை என்னும் இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. அது சாதி. முகாம்களில் வாழ்வோரில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். மலையகத் தமிழரில் பெரும்பகுதியினர், தமிழகத்தின் சேரிகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரின் வழிவந்தோர். ஆகவே, முகாமில் வளரும் ஒரு தலித் பிள்ளைக்கு இந்நாடு இரண்டு முகங்களைக் காட்டுகிறது. ஊரும் தெருவும் அப்பிள்ளையின் சாதியை அறிந்துகொள்கின்றன. அரசின் பதிவேடு மட்டும் அதை அறிய மறுக்கிறது. இழிவு வந்து சேர்கிறது, உரிமை வந்து சேர்வதில்லை. இந்த முரண்பாடு எவ்வாறு உருவானது, இதைக் களைய என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

பிறந்த நாடே புதிய நாடு

புதிய நாட்டில் வாழப் பழகுதல் என்றால் விமானத்திலோ படகிலோ வந்திறங்கிய ஒருவரையே நாம் எண்ணுகிறோம். அப்படி வந்தோரும் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கி, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அத்தகையோர். தருமபுரி முகாம்களின் நிலை வேறு. இங்குள்ள பதின்பருவத்தினரில் மிகப் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து, இங்குள்ள திரைப்படங்களைப் பார்த்து, தருமபுரிப் பேச்சுவழக்கைப் பேசி வளர்ந்தவர்கள். இலங்கை அவர்களுக்குப் பாட்டி சொல்லும் கதையில் வரும் ஊர்.

சட்டம் இதைக் கணக்கில் கொள்வதில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்த எவரும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தோருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். படகில் கடவுச்சீட்டின்றி வந்த ஏதிலியை இச்சட்டம் அந்தப் பெயரால்தான் அழைக்கிறது. எனவே 2009இலோ 2010இலோ ஒரு தருமபுரி அரசு மருத்துவமனையில், முகாம்வாழ் பெற்றோர் இருவருக்கும் பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகன் அல்லன்.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. பிறந்த நாள் 1987 ஜூலைக்கு முன்பு அமைந்ததே அவருக்குக் கைகொடுத்தது. 1987 ஜூலை 1 முதல் அதே முகாமில் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை.

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோருக்கு மட்டுமே கதவைத் திறந்தது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டினர் தொடர்பான புதிய சட்டத்தின்கீழ், 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இன்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. இது அச்சத்தைக் குறைக்கும் நடவடிக்கை. ஆனால், தண்டிக்கமாட்டோம் என்பதும் ஏற்றுக்கொள்கிறோம் என்பதும் ஒன்றல்ல.

தோட்டத்திலிருந்து அணைக்கரைக்கு

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றுதான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன்பு அது சேலம் மாவட்டத்தின் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள்திரட்டிய மாவட்டங்களில் திருச்சி, மதுரை, தஞ்சை ஆகியவற்றோடு சேலமும் ஒன்று. பஞ்சமும் நிலமின்மையும் பண்ணையடிமை முறையும் சேரி மக்களைக் கடல்தாண்டச் செய்தன. சாதி அவர்களுக்கு முன்பே அங்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கங்காணி பெரும்பாலும் சாதியில் மேலானவர். லயக் குடியிருப்புகளிலும் சாதி பார்த்தே இடம் ஒதுக்கப்பட்டது.

1948இல் இலங்கை விடுதலை பெற்ற உடனேயே, குடியுரிமைச் சட்டத்தின் மூலம் இம்மக்கள் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டனர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்தப் பேச்சுவார்த்தையிலும் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. இந்த ஒப்பந்தங்களின்படி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறி இராமேசுவரம் வந்தனர். அவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்கள் இந்தியக் குடிமக்கள்.

தோட்டங்களிலேயே தங்கியோரைக் கலவரங்கள் துரத்தின. 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்முறைகளில் வீடிழந்த மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய வன்னிப் பகுதிகளுக்கு நகர்ந்தன. காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைக் காடு திருத்திக் குடியமர்த்தின. அங்கும் அவர்கள் 'தோட்டக்காட்டார்' என்றே அழைக்கப்பட்டனர். போர் வன்னியைச் சூழ்ந்தபோது இவர்களே முன்னணியில் சிக்கினர், படகேறினர். 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் போக்குவரத்து நின்றுபோனதால், ஒப்பந்தப்படி இந்தியா வருவதற்குரிய சட்டப்பூர்வ வழியும் அடைபட்டது.

இங்கேதான் கூர்ந்து நோக்க வேண்டிய வேறுபாடு இருக்கிறது. உடன்பிறந்த இருவரில், 1980இல் கப்பலில் வந்த அக்காவின் பேத்தி இன்று இந்தியக் குடிமகள். 1990இல் படகில் வந்த தங்கையின் பேத்தி இலங்கை ஏதிலி. கொள்ளுப்பாட்டன் ஒருவரே, சேரியும் ஒன்றே. வந்திறங்கிய கலத்தின் தன்மை மூன்று தலைமுறைகளின் தலைவிதியைத் தீர்மானித்திருக்கிறது. 2019 ஜூனில் மதுரைக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தோர் உள்ளிட்ட மலையகத் தமிழர் 65 பேரின் வழக்கில், அவர்களது இந்திய வம்சாவளியைக் கருத்தில் கொண்டு குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நியாயம் எல்லா முகாம்களிலும் வாழும் மலையகத் தமிழர்களுக்கும் பொருந்தும்.

இலங்கை 2003இல் இயற்றிய சட்டமும் 2009இல் அதில் செய்த திருத்தமும், இந்திய வம்சாவளியினருக்கு, இந்தியாவில் ஏதிலிகளாக வாழ்வோர் உட்பட, இலங்கைக் குடியுரிமை பெற வழி செய்துள்ளன. திரும்பிச்செல்ல விரும்புவோருக்கு அது பயன்படும். ஆனால் தோட்டத்தில் நிலமின்றி, வன்னியில் உரிமைப் பத்திரமின்றி வாழ்ந்த குடும்பம் எந்த நிலத்துக்குத் திரும்புவது? வசதி படைத்தோர் மேலை நாடுகளுக்குச் சென்றனர். காணி உடையோரில் பலர் ஊர் திரும்பினர். எதுவும் அற்றோர் முகாமில் எஞ்சினர். எஞ்சியோரிடையே ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுந்திருப்பது தற்செயல் அன்று.

பதினான்கு வயதுவரை திறந்திருக்கும் கதவு

இந்திய அரசியலமைப்பின் சில உறுப்புகள் 'எந்த ஒரு நபருக்கும்' என்று பேசுகின்றன. சில 'குடிமக்களுக்கு' என்று பேசுகின்றன. சட்டத்தின்முன் சமத்துவம் (உறுப்பு 14), உயிர்வாழ்வுக்கும் தன்னுரிமைக்குமான பாதுகாப்பு (உறுப்பு 21) ஆகியவை அனைவருக்கும் உரியவை. தீண்டாமை ஒழிப்பும் (உறுப்பு 17) அவ்வாறே. 6 முதல் 14 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி (உறுப்பு 21அ) என்பதிலும் குடிமக்கள் என்னும் வரையறை கிடையாது. ஆனால் கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடைசெய்து இடஒதுக்கீட்டுக்கு அடித்தளமிடும் உறுப்புகள் 15உம் 16உம் குடிமக்களை நோக்கியே பேசுகின்றன.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? முகாமிலுள்ள பத்து வயதுக் குழந்தைக்கும் ஊரிலுள்ள பத்து வயதுக் குழந்தைக்கும் பள்ளியில் பெரிய வேறுபாடு தெரியாது. ஒரே சீருடை, ஒரே சத்துணவு. பதினைந்து வயதுக்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. உடன்படிக்கும் தோழி சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்பம், கலந்தாய்வுக்கான இடஒதுக்கீட்டுப் பிரிவு என்று ஒவ்வொன்றாகத் திரட்டத் தொடங்கும்போது, தனக்கு அவற்றில் எதுவும் இல்லை என்பதை முகாம் பிள்ளை முதன்முதலாக உணர்கிறது. அந்த நாள்வரை சொந்தமாகத் தோன்றிய நாடு அன்றுமுதல் புதிய நாடாகிறது. பிறருக்குப் பதின்பருவம் என்பது உலகம் விரியும் வயது. இவர்களுக்கு அது சுருங்கத் தொடங்கும் வயது.

அதன் விளைவை எந்த முகாமிலும் காணலாம். படிப்பை நிறுத்திய இளைஞர்கள் வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலைக்குச் செல்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் முகாம்வாழ் ஆண்களின் முதன்மைத் தொழில் அதுவாகவே ஆகிவிட்டது. பட்டம் பெற்றவரும் அதே தூரிகையைப் பிடிப்பதைக் கண்ட தம்பி, பன்னிரண்டாம் வகுப்பை ஏன் முடிக்கவேண்டும் என்று கேட்கிறான். முகாமில் குறித்த நாள்களில் நடக்கும் வருகைத் தணிக்கைக்குக் குடும்பத்தினர் நேரில் நிற்கவேண்டும் என்பதால், பெங்களூருக்கோ ஓசூருக்கோ சென்று தங்கி வேலை பார்ப்பதும் எளிதன்று. தருமபுரியின் பிற ஏழை இளைஞர்களுக்கு உள்ள அந்த இடம்பெயரும் வாய்ப்பும் இவர்களுக்கு அரைகுறையாகவே கிட்டுகிறது.

சான்றிதழ் ஏன் கிடைப்பதில்லை?

பட்டியல் சாதி என்பது உறுப்பு 341இன்கீழ் 1950இல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட ஆணையின் வழியே வரையறுக்கப்பட்டது. அந்த ஆணை மாநில வாரியானது. ஆணை வெளியானபோது குடும்பம் நிரந்தரமாக எங்கு வாழ்ந்தது என்பதே சான்று வழங்குவதில் அடிப்படைக் கேள்வி. 1950இல் இம்மக்கள் இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்தார்கள். அம்பேத்கரின் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியலமைப்பு, சேரி மக்களுக்கு உரிமைகளை எழுதிக் கொடுத்தபோது, அதே சேரிகளின் வழிவந்த இம்மக்கள் கடலுக்கு அப்பால், எந்த நாட்டின் பட்டியலிலும் இல்லாதவர்களாக நின்றார்கள். சட்டப்படி குடிமக்களாக வந்த தாயகம் திரும்பியோரும்கூட நீலகிரி போன்ற இடங்களில் சமூகச் சான்றுக்காக நெடுங்காலம் போராடவேண்டியிருந்தது. குடியுரிமையே இல்லாத முகாம் மக்களுக்கு நடைமுறையில் அச்சான்று வழங்கப்படுவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த தலித் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இலங்கையில் தீண்டாமைக்கு எதிராக 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இருந்தாலும், சாதிவழி இடஒதுக்கீடோ சாதிச் சான்றிதழோ அங்கு இல்லை. ஆகையால் காட்டுவதற்குப் பழைய ஆவணம் எதுவும் இவர்களிடம் இராது. வடக்கின் ஒடுக்கப்பட்ட சாதிப் பெயர்கள் எல்லாம் தமிழ்நாட்டுப் பட்டியலில் இடம்பெற்றவையும் அல்ல.

சான்றிதழ் இல்லாததன் இழப்பு கல்லூரி இடத்தோடு முடிவதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்கவேண்டும் என்கிறது. முகாம் பிள்ளையைச் சாதி சொல்லி இழிவுசெய்தால், சான்று இல்லாத நிலையில் அச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதியவைப்பதே கடினம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் – இங்குக் குடியுரிமை என்பது சமூக உரிமைகளைக் குறிப்பது – தீண்டாமையால் தடுக்கப்படும் எவருக்கும் பொருந்தும். ஆனால் அதிலும், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால்தான் தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். சான்று இல்லாதவர் அதைத் தாமே மெய்ப்பிக்கவேண்டும்.

தருமபுரி கற்பிக்கும் பாடம்

இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. தருமபுரியில் வாழும் எவரும் இதை உணர்வர். 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணமாக்கி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு, 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்குதலுக்கு உள்ளாயின. அம்மாவட்டத்தில் வளரும் ஒவ்வொரு பதின்பருவத்தினரும் எழுதப்படாத ஒரு வரைபடத்தை மனப்பாடம் செய்ய நேர்கிறது: எந்தத் தெரு யாருடையது, யாருடன் பேசினால் என்ன வரும், எந்தக் கேள்விக்கு எந்த விடையைச் சொல்லக்கூடாது.

முகாம் பிள்ளை இந்த வரைபடத்தை வழிகாட்டியின்றிக் கற்கவேண்டியிருக்கிறது. 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்ற கேள்விக்கு 'சிலோன்' என்று விடை சொல்லித் தப்பலாம். சில காலம் அது கேடயமாகவும் உதவும். ஆனால் நட்பு, காதல், வாடகை வீடு என்று உறவுகள் முகாமைத் தாண்டும்போது அக்கேள்வி மீண்டும் வரும். அப்போது அப்பிள்ளைக்கு ஊர்ச் சேரியின் உறவுப் பின்னலும் இல்லை. வாக்குரிமை இல்லாததால் கட்சிகளின் கவனமும் இல்லை. சாதிச் சான்று இல்லாததால் சட்டத்தின் துணையும் இல்லை.

எழக்கூடிய மறுப்புகள்

நம் வாசகர்களிடையே எழும் முதல் கேள்வி நியாயமானது: ஏற்கெனவே நிரப்பப்படாத, குறுகிய பட்டியல் சாதி இடஒதுக்கீட்டில் இன்னும் பலர் பங்கு கேட்டால் என்னாகும்? எண்களைப் பார்ப்போம். 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி, முகாம்களில் வாழ்ந்தோர் எல்லாச் சாதியினரும் சேர்த்து 58,822 பேர். முகாமுக்கு வெளியே பதிவு செய்தோர் 34,087 பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பட்டியல் சாதி மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 44 இலட்சம். இவர்களால் அப்பங்கு குறையும் என்பதற்கு இடமில்லை. நம் பங்கை விழுங்குவோர், பதவிகளை நிரப்பாமல் வைத்திருக்கும் துறைகளே.

இரண்டாவது மறுப்பு, அரசு ஏற்கெனவே உதவுகிறதே என்பது. 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ரூ. 317.40 கோடித் திட்டத்தில் 7,469 பழுதடைந்த வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும், குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையை ரூ. 1,000இலிருந்து ரூ. 1,500 ஆக உயர்த்துவதும், கலை அறிவியல் மாணவர்க்கான ஆண்டு உதவியை ரூ. 3,000இலிருந்து ரூ. 12,000 ஆக உயர்த்துவதும் அடங்கும். இவை மெய்யான உதவிகள். எனினும் இவை அரசின் பரிவைச் சார்ந்தவை. இராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் 1991இல் முகாம் பிள்ளைகளின் கல்விச் சலுகைகள் பறிக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பிறகே படிப்படியாக மீண்டன. பரிவாகக் கொடுக்கப்பட்டதைக் கோபத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். உரிமையை அப்படி எடுக்க இயலாது.

மூன்றாவது, அகதிகளைச் சாதியால் பிரிக்கலாமா என்னும் மறுப்பு. சாதியை எழுதாமல் விட்டால் சாதி இல்லாமல் போகும் என்றால், இலங்கையில் அது எப்போதோ மறைந்திருக்கவேண்டும்.

செய்யக்கூடியவை

ஒன்றிய அரசு மட்டுமே செய்யக்கூடியது குடியுரிமை. இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து நீக்கி, பதிவு வழியே குடியுரிமை வழங்கவேண்டும். இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது. மேலும், இலங்கையிலிருந்து நிரந்தரமாகக் குடியேறும் நோக்கில் வந்த இந்திய வம்சாவளியினர், தகுதிச் சான்று பெற்றால், ஒன்றிய அரசின் சில பணிகள் நீங்கலாகப் பிறவற்றுக்குப் போட்டியிடலாம் என்று குடிமைப் பணித் தேர்வு விதிகளிலேயே உள்ளது. முகாம் இளைஞர்களுக்கு அச்சான்றை வழங்க என்ன தடை என்பதை அரசு விளக்கவேண்டும்.

குடியுரிமைக்குக் காத்திராமல் தமிழ்நாடு அரசே செய்யக்கூடியவையும் உள்ளன. முகாம்களில் விரும்புவோரின் சமூகப் பின்னணியை வருவாய்த் துறை விசாரித்துப் பதியலாம். சான்றிதழ் இயலாதெனில், பட்டியல் சாதி மாணவர்க்கு நிகரான உதவித்தொகையையும் விடுதி வசதியையும் மாநில நிதியிலிருந்து அரசாணை வழியே வழங்கலாம்; அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. பதினோராம் வகுப்பிலேயே ஒவ்வொரு முகாம் மாணவருக்கும் உயர்கல்வி வழிகளை எடுத்துச்சொல்லும் பொறுப்பை மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்கலாம்.

தலித் இயக்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. முகாம்களை ஈழ அரசியலின் பகுதியாக மட்டுமே இதுவரை பார்த்து வந்திருக்கிறோம். அணைக்கரைகளில் வாழும் அப்பிள்ளைகளில் பலர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் சேரிகளிலிருந்து பிரிந்து சென்றவர்களின் வழிவந்தோர். தருமபுரியில் சாதிக் கொடுமைக்கு எதிராகக் கூட்டம் நடக்கும்போது முகாமுக்கும் அழைப்புச் செல்லவேண்டும். முகாம் மாணவர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது நம் தோழர்கள் உடன் நிற்கவேண்டும்.